நாலு மணிக்கு அணைந்த கம்ப்யூட்டர்

"ஊட்டுக்குங்களா, ஆபீசுக்குங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

கம்ப்யூட்டர் விற்கிற எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். வீட்டுக்கு என்றால் ஒரு பேச்சு, ஆபீசுக்கு என்றால் வேறு பேச்சு. வீட்டுக்கு வாங்குகிறவர்கள் படம் பார்ப்பார்கள், பிள்ளைகள் விளையாடும், அதற்கு மேல் அவர்களுக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்று அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். வீட்டில் வைத்து ஆபீஸ் வேலை செய்யப்போகிறேன் என்றேன்.

"அப்பொ ஊட்டுக்குத்தானுங்க" என்றார்.

நான் வாதாடவில்லை. பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் டி.டி.பி. வேலை செய்கிறவள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பரீட்சைக்கு வாங்கும் கைடு புத்தகங்களைப் பக்கம் பக்கமாக அமைத்துக் கொடுப்பது என் தொழில். கோயம்புத்தூரில் ஓர் அச்சகத்தில் பல வருடம் உட்கார்ந்து அதைச் செய்தேன். அம்மா தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள். போன மழையில் சரிவில் வழுக்கி விழுந்து முழங்கால் கெட்டது. அப்பா இறந்து வெகுகாலம் ஆகிறது. அக்காவை முதலமடையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் நீதான் மேலே போய் அம்மாவோடு இருக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். கல்யாணம் ஆகாதவளுக்கும் வேலை என்று ஒன்று இருக்கும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. நான் போனேன். அவர்கள் சொன்னதற்காகப் போகவில்லை. அம்மாவால் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை. அதைப் பார்த்த பிறகு அவளைத் தனியே விட்டுவிட்டு வர முடியாது, அதற்காகப் போனேன்.

அச்சக முதலாளி நல்லவர் என்று சொல்ல மாட்டேன். கறாரானவர். "ஊட்டுல இருந்தே செய்யி. ஆனா ஒரு கைடு முழுசா செஞ்சு, சொன்ன நாளுக்குள்ள அனுப்பிக் காட்டு. மலையில கரண்ட் இல்ல, நெட் இல்லன்னு கதை சொன்னா நான் வேற ஆள் பாத்துக்குவேன்" என்றார். மெஷின் என்னுடையதாக இருக்க வேண்டும் என்பதும் அவர் நிபந்தனை.

இன்னொரு பக்கம் எஸ்டேட் இருந்தது. அம்மா இருப்பது லயத்தில். வரிசையாக ஒட்டிக் கட்டிய எஸ்டேட் வீடுகளுக்கு எங்கள் பக்கம் லயம் என்று பெயர். வேலையில் இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால், அந்த வீட்டில் வேறு யாரும் எஸ்டேட் வேலையில் இல்லையென்றால், காலி செய்ய வேண்டும். ஓணத்தோடு அம்மாவுக்கு ஓய்வு வயது, வேலை முடிகிறது. நான் கொழுந்து எடுக்கப் பெயர் கொடுத்தால் வீடு நிற்கும். பெயருக்குச் சேர்ந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்ட முடியாது. காலையில் மஸ்டரில் பெயர் கூப்பிடும்போது கூடையோடு நிற்க வேண்டும்.

ஆக, அந்தக் கம்ப்யூட்டர் ஓடினால் எனக்கு என் வேலை. ஓடாவிட்டால் கூடை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கடையில் நின்றேன். கடைக்காரருக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

லேப்டாப் வாங்கவில்லையா என்று பலர் கேட்டார்கள். என் கையில் இருந்த காசுக்குக் கிடைத்த லேப்டாப்பின் திரையில் ஒரு பக்கத்தை முழுதாகப் பார்க்க முடியாது. எனக்கு இரண்டு பக்கம் பக்கத்தில் பக்கத்தில் தெரிய வேண்டும். மேலும் லேப்டாப் கெட்டால் மொத்தமாகக் கெடும். மேசைக் கம்ப்யூட்டர் துண்டு துண்டாகக் கெடும், துண்டு துண்டாக மாற்றிக்கொள்ளலாம். புதிதாக வாங்கவும் வழியில்லை. கோயம்புத்தூர் கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் கம்ப்யூட்டர்களைத் துடைத்து விற்கும் கடை ஒன்று கொல்லங்கோடு போகிற சாலையில் இருப்பதாக அத்தான் சொன்னார். அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். மாங்காய் மண்டியில் லாரிக்கு லோடு ஏற்றும் வேலை. மாம்பழ சீசன் முடிகிற நேரம். மண்டிக்கும் ஒரு பஞ்சர் கடைக்கும் நடுவில் அந்தக் கம்ப்யூட்டர் கடை இருந்தது. கடைக்காரரை எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள்.

பாய் எல்லோருக்கும் காட்டுவது ஒரு வீடியோ. கடலுக்கடியில் மீன்கள் நீந்தும். மஞ்சள் மீன், நீல மீன், பெரிய வாய் மீன். வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போவார்கள் போல.

"எப்டிங்க? சும்மா வழுக்கிட்டுப் போகுதுங்களா?"

"மீன் எனக்கு வேண்டாம் பாய். அணைங்க" என்றேன்.

பென் டிரைவில் போன வருடத்துக் கைடு ஒன்றை முழுதாக எடுத்துப் போயிருந்தேன். படம், அட்டவணை, கணக்கு எல்லாம் உள்ள பெரிய புத்தகம். அதைத் திறக்கச் சொன்னேன்.

"புஸ்தகத்த எதுக்குங்க அம்மிணி கம்ப்யூட்டர்ல பாக்கறீங்க?"

"மீனை எதுக்கு நீங்க கம்ப்யூட்டர்ல பாக்கறீங்க?"

அவர் சிரித்தார். அத்தான் என் பக்கம் சாய்ந்து, "கொஞ்சம் மரியாதையாப் பேசு புள்ள, நாளைக்கு நான் இந்த வழியாத்தான் போகோணும்" என்றார்.

முதல் பெட்டி அந்தப் புத்தகத்தைத் திறப்பதற்குள் நாங்கள் டீ குடித்து முடித்துவிட்டோம். இரண்டாவது திறந்தது, ஆனால் பக்கத்தை நகர்த்தினால் நொண்டியது. மூன்றாவது, பார்க்க ஒல்லியான, ஓரத்தில் கீறல் விழுந்த கறுப்புப் பெட்டி. அது சத்தமில்லாமல் திறந்தது. கடைசிப் பக்கத்துக்குத் தாவச் சொன்னேன், தாவியது. எழுத்தைப் பெரிதாக்கினேன், ஓரம் பிசிறவில்லை. ஒல்லிப் பெட்டி வேண்டாம், பெரிய பெட்டிதான் கெத்து என்று பாய் சொன்னார். எனக்குக் கெத்து வேண்டியிருக்கவில்லை. மேசைக்கு அடியில் கால் வைக்க இடம் வேண்டியிருந்தது.

திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைப் போட்டு, எரியாத செத்த புள்ளி இருக்கிறதா என்று மூலை மூலையாகப் பார்த்தேன். கீபோர்டில் சில எழுத்து அழிந்திருந்தது. நான் பார்த்து அடிப்பதில்லை, ஆனாலும் அதை ஒரு குறையாகச் சொல்லி விலையைக் குறைத்தேன். உள்ளே திறந்து காட்டச் சொன்னேன். திறந்தார். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது, தூசி இல்லை. அதில் எனக்குத் திருப்தி.

"ஏதாச்சும்னா கொண்டாங்க, நானே பாத்துத் தர்றேன். என்ன, அம்புட்டு மேல இருந்து எறக்கோணும், அதானுங்க" என்றார்.

மாம்பழப் பெட்டியில் வைக்கோலைத் திணித்து நடுவில் அந்தப் பெட்டியை வைத்துக் கட்டினார்கள். திரைக்குத் தனிப் பெட்டி. அந்த ஊரில் எதைக் கட்டினாலும் அப்படித்தான் கட்டுவார்கள். பொள்ளாச்சி, உடுமலை என்று மாறி மாறி ஏறி, மடியில் ஒன்றும் காலடியில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு வந்தேன். காட்டுச் செக்போஸ்ட்டில் ஒருவர் ஏறி, பெட்டியைத் தட்டி, "மாங்ஙயல்லே?" என்றார். இல்லை, கம்ப்யூட்டர் என்றேன். நம்பாமல் வைக்கோலை விலக்கிப் பார்த்தார். அவர் முகம் வாடியதை அன்றைக்கு நான் ரசித்தேன்.

வீட்டில் முன்னறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதற்குப் பக்கத்தில் மேசை. மேசைக்கு அடியில், தரை ஈரம் ஏறாமல் இருக்க ஒரு பலகைமேல் பெட்டி. வலது பக்கம் என் கால். வைக்கோலையும் மாம்பழப் பெட்டியையும் அடுப்பில் போடப்போனேன். அம்மா பிடுங்கி, கூரைக்கடியில் இருக்கும் அட்டத்தில் ஏற்றிவிட்டாள். "எதுக்காவது ஆவும்" என்றாள். எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப்போட விடமாட்டாள்.

கம்பளியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்குக் கம்பளி கொடுப்பார்கள். கறுப்பும் சாம்பலும் கலந்த முரட்டுக் கம்பளி. பெண்கள் அதைத் தலையில் மடித்துப் போட்டு அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டுவார்கள். மழைக்கும் அதுதான், குளிருக்கும் அதுதான். தேயிலைக் காட்டில் நைந்த பிறகு அது வீட்டுக்கு வரும். வீட்டில் எந்தப் பொருளுக்கு மதிப்பு உண்டோ அந்தப் பொருளுக்கு ஒரு பழைய கம்பளி உண்டு. டி.வி.க்கு ஒன்று. கிரைண்டருக்கு ஒன்று. மாடு ஈன்றால் கன்றுக்கு ஒன்று. பக்கத்து வீட்டில் ஸ்கூட்டருக்குக்கூடப் போர்த்தியிருந்தார்கள். மதியத்துக்கு மேல் பனிமூட்டம் கதவு வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். சுவரில் கை வைத்தால் நனையும். போர்த்தாத பொருள் பூசணம் பூக்கும். அதனால் போர்த்துகிறார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை.

அச்சகத்திலிருந்து கைடு வந்தது. நான் வேலையைத் தொடங்கினேன். காலையில் அம்மா வேலைக்குப் போய்விடுவாள். கால் கெட்ட பிறகு நாற்றுப் பண்ணையில் உட்கார்ந்து பைகளில் மண் நிரப்பும் வேலை அவளுக்கு. நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். மதியம்வரை கம்ப்யூட்டர் ஒரு குறையும் சொல்லாமல் ஓடும். சாப்பிட்டு வந்து மறுபடி உட்காருவேன். அம்மா வந்து டீ போடுவாள். நாலு மணி, நாலேகால் ஆகும்போது பெட்டி பட்டென்று அணைந்துவிடும்.

எச்சரிக்கை கிடையாது. பாதி அட்டவணையில் நிற்கும்போது அணையும். சேமிக்காதது போச்சு. பொத்தானை அழுத்தினால் உயிர் வராது. எழுந்து போய் மெயின் சுவிட்சைப் பார்ப்பேன், பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன், திரும்பி வந்து அழுத்தினால் வரும். கொஞ்ச நேரம் ஓடி மறுபடி அணையும்.

முதலில் கரண்ட் என்று நினைத்தேன். நாலு மணிக்குத்தான் லயம் முழுவதும் வேலையிலிருந்து திரும்புகிறது. எல்லா வீட்டிலும் குளிக்கத் தண்ணீருக்குள் ஹீட்டர் கம்பியைப் போடுவார்கள். பல்பு மஞ்சளாகிவிடும். எந்த எஞ்சினியருக்கும் இந்தக் கரண்டின்மேல்தான் சந்தேகம் வரும். மூணாறில் ஒரு பழைய யு.பி.எஸ். வாங்கிப் போட்டேன். மறுநாள் நாலு மணிக்கு யு.பி.எஸ்.ஸில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரையும் எரிந்துகொண்டிருந்தது. பெட்டி மட்டும் செத்துக் கிடந்தது. கரண்டின்மேல் குற்றம் இல்லை என்று ஆயிற்று. மிச்சம் இருந்தது பாய்.

நான் பாயைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, "யாரு புள்ள, ஒம் மாப்பிள்ளையா?" என்று கேட்டாள்.

அச்சகத்துக்குப் பாதி அத்தியாயம்கூடப் போகவில்லை. முதலாளி போன் செய்தார். "மழையா?" என்றார். இல்லை என்றேன். "கரண்டா?" இல்லை என்றேன். "பொறவு என்ன?" தெரியவில்லை, கண்டுபிடிக்கிறேன் என்றேன். "கண்டுபுடிக்கறதுக்கு நான் சம்பளம் குடுக்கறதில்ல" என்று வைத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம் வரும்.

அந்த வாரமே எஸ்டேட் ஆபீசிலிருந்து கிளார்க் வந்தார். ஓணத்துக்கு முன் புது ஆட்களைச் சேர்க்கிறார்கள், இப்போது விட்டால் இனி எப்போது என்று தெரியாது என்றார். வாசலில் நின்றபடி மேசையையும் கம்ப்யூட்டரையும் பார்த்தார்.

"மோளே, ஒரு ஒப்பு" என்று காற்றில் கையெழுத்துப் போட்டுக் காட்டினார். "அது போட்டா இந்த வீடு நிக்கும். பின்ன நீ இதையும் ஓட்டிக்கோ, ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை ஓட்டினா அச்சகத்துல ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் சம்பளம் கொடுப்பாங்களா சார்?"

"இந்த வாய் உண்டல்லோ" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அன்று சுற்றி வளைக்கவில்லை. "ஒப்பிடு ஏட்டி. ஒங்கப்பா செத்த வீடு இது. நான் எங்க போவேன்? அந்த மெசினு நாலு மணி ஆனா மயங்கி விழுது. அத நம்பி எங்கயோ போவச் சொல்லுத" என்றாள்.

மறுநாள் விடியும் முன் அட்டத்திலிருந்து மாம்பழப் பெட்டியை இறக்கி, அதே வைக்கோலில் பெட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மேலே ஓயாத மழை. கீழே முதலமடைப் பக்கம் மழை இல்லை, காற்று மட்டும் புழுதியை அள்ளிக்கொண்டு அடித்தது. கடையில் பெட்டியை வைத்து, இது நாலு மணிக்குச் சாகிறது, நீங்கள் எனக்குக் குப்பையைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்றேன். பாய் கோபப்படவில்லை.

"நாலு மணிக்குங்களா? அதுக்கு நேரங்காலமெல்லாந் தெரியுதுங்களா?" என்று கேட்டுவிட்டு, சுவரோரமாக வைத்து மாட்டி ஓடவிட்டார். மீன் வீடியோதான். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். காசு கொடுத்தவள் நான், போக மாட்டேன் என்று உட்கார்ந்தேன். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், போனார்கள். மதியம் அத்தான் மண்டியிலிருந்து வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு போனார். தகரக் கூரை. உள்ளே இருந்தவர்களுக்கெல்லாம் வியர்த்து ஊற்றியது. மூன்று மணி. நாலு. நாலரை.

"பாத்தீங்களா அம்மிணி, மீன் இன்னும் நீந்திட்டுத்தான் இருக்குது."

"உள்ளே திறங்க" என்றேன்.

திறந்தார். குனிந்து பார்த்தார். ஒரு இடுக்கியை எடுத்து, காற்றாடிக்கு இடையில் விட்டு, எலிக்குஞ்சு மாதிரி ஒன்றை இழுத்து வெளியே போட்டார். இன்னொன்று. காற்று போகிற சல்லடை முழுக்க அப்பிக் கிடந்தது.

"ஏனுங்க, இது என்னங்க?"

"உங்க வைக்கோல்தான்" என்றேன். "மாம்பழப் பெட்டியில திணிச்சீங்களே."

"வைக்கோலு கறுப்பா இருக்குமுங்களா? தொட்டுப் பாருங்க. மயிரு. ஊட்டுல ஆடு கீடு வளக்கறீங்களா?"

தொட்டேன். தொட்டதுமே தெரிந்துவிட்டது. கறுப்பும் சாம்பலும் கலந்த முரட்டு நூல். பிறந்ததிலிருந்து நான் போர்த்திக்கொண்டு தூங்கியது. மூன்றரைக்கே அம்மா நாற்றுப் பண்ணையிலிருந்து வருகிறாள். டீயைக் கொண்டுவந்து வைக்கிறாள். குளிரில் கால் விறைத்துப்போகும் என்று பழைய கம்பளியை என் முழங்காலிலிருந்து கீழே போர்த்திவிடுகிறாள். காலுக்குப் பக்கத்தில் பெட்டி. அதற்கும் சேர்த்துப் போர்த்துகிறாள். உள்ளே கதகதப்பாக இருக்கும். கம்பளியின் சூடு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்டி கொதித்து, தாங்க முடியாமல் தன்னை அணைத்துக்கொள்கிறது. நான் கம்பளியை உதறிவிட்டு எழுந்து போய் மெயின் சுவிட்சைப் பார்க்கிறேன். அதற்குள் அது ஆறிவிடுகிறது. நான் உட்கார்ந்ததும் மறுபடி போர்வை.

"ஆமா, ஆடு இருக்கு" என்றேன்.

"அப்பொ ஆட்டெ வெளிய கட்டுங்க" என்றார் பாய். ஊதிச் சுத்தம் செய்து மூடினார். காசு வாங்கவில்லை. அதற்காக அவரை உத்தமர் என்று சொல்ல மாட்டேன். பெட்டி புதுசு மாதிரி என்று சொல்லித்தான் விற்றார். அது புதுசு மாதிரி இல்லை. ஆனால் ஓடும் என்றார், ஓடியது.

அன்று அக்கா வீட்டில் படுத்துவிட்டு மறுநாள் வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பெட்டிக்குக் கம்பளி போத்துனியா?"

"போத்துனேன். குளிருதுல்லா."

"மெசினுக்குக் குளிராதும்மா."

"டி.வி.க்குப் போத்துதோமே."

"டி.வி.ய அணைச்ச பெறகு போத்துதோம். ஓடும்போது போத்துனா அது மூச்சு முட்டிச் சாவும். அதான் நாலு மணிக்குச் செத்துச்சு."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு வந்த வழியெல்லாம் ஒரே யோசனை. அதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியாது. கேட்டேன்.

"நான் ஒப்பிடணும்னு தெரிஞ்சே போத்துனியா?"

"ஒனக்கு வாயி பெருசு, அறிவு சிறுசு" என்றாள். "ஒப்பிடணும்னா ஒப்பிடுன்னு ஒம் மூஞ்சிக்கு நேரா சொல்லுதேன். மெசினக் கொன்னு சொல்ல மாட்டேன். ஒங் காலு ஐசாட்டம் கெடந்துது. போத்துனேன். அது பக்கத்துல நிக்கி, அதும் வெல குடுத்து வாங்குனதுன்னு சேத்துப் போத்துனேன். ஒங்கப்பா பைக்குக்குப் போத்தலியா?"

அது உண்மை. அம்மா நேராகச் சொல்கிறவள். நான் அவளிடமிருந்துதான் இப்படி ஆனேன். டீயைக் குடித்துவிட்டு மேசைக்கு அடியில் பெட்டியை மாட்டினேன். அன்றிலிருந்து கம்பளி என் மடியோடு நின்றது. பெட்டிக்கு இரவில் அணைத்துச் சூடு ஆறிய பிறகுதான் போர்வை. அதுவும் கம்பளி இல்லை, அம்மாவின் பழைய சேலை. நாலு மணி வந்தது. பனிமூட்டமும் வந்தது. பல்பு மஞ்சளானது. பெட்டி ஓடியது.

கைடை, சொன்ன நாளில் இருட்டுவதற்குள் அனுப்பிவிட்டேன். முதலாளி பாராட்டவில்லை. "எட்டாம் பக்கத்துல படம் ஒரு நூல் கீழ எறங்கி இருக்குது. சரி பண்ணு. அடுத்தது அனுப்பறேன்" என்றார். அடுத்தது என்ற அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் இவ்வளவு அலைந்தேன்.

கிளார்க் மறுபடி வந்தார். ஒப்பிட மாட்டேன் என்று சொன்னேன். அம்மா அவருக்கு டீ கொடுத்தாள். அவர் போன பிறகு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"அது எத்தன வருசம் ஓடும்?"

பொய் சொல்ல வரவில்லை. "நல்லா வச்சுக்கிட்டா நாலஞ்சு வருசம். நடுவுல ஏதாவது ஒண்ணு போவும், மாத்தணும்."

"இந்த வீடு எனக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஓடுது."

"இது எஸ்டேட்டு வீடும்மா. அது நம்மது."

அம்மா எழுந்து டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் சொன்னது சரி. சொன்ன விதம் சரியா என்று தெரியாது. எனக்கு வேறு விதம் வராது.

ஓணத்துக்கு முன் வீடு பார்த்தேன். மூணாறு போகிற சாலையில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இரண்டு அறை. வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து தேயிலைச் சரிவைக் காட்டினார். அதைக் காட்டி வாடகை ஏற்றலாம் என்று நினைத்திருப்பார். பிறந்ததிலிருந்து பார்க்கிற தேயிலைக்கு நான் வாடகை தர மாட்டேன் என்றேன். பிளக் பாயின்ட் எத்தனை, தனி மீட்டரா, மாலையில் பல்பு மங்குமா, சுவரில் ஈரம் எதுவரை ஏறும் என்று கேட்டேன். சுவரை அவரே தொட்டுக் காட்டினார். தனி மீட்டர் இருந்தது. படிக்கட்டு அம்மாவின் காலுக்கு ஆகாது. ஆனால் தண்ணீர் குழாயில் வந்தது, குடம் தூக்க வேண்டியதில்லை. எடுத்துக்கொண்டேன்.

லயத்தைக் காலி செய்த அன்று சாமான்களைக் கட்டப் போதிய பெட்டி இல்லை. மாம்பழப் பெட்டி அட்டத்தில் இருந்தது. "பாத்தியா" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். சுவரில் இருந்த மாதா படத்தைத் துணியில் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். திரும்பிப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் பின்னால் திரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

லயத்தில் இருந்து சிலர் வந்து பார்க்கிறார்கள். பிள்ளைக்கு இந்த மாதிரி ஒன்று வாங்கலாமா, எப்படி, நல்லதா என்று கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான். துடைத்து விற்கும் பழசு போதும். கடைக்காரர் காட்டும் வீடியோவைப் பார்க்காதீர்கள், நீங்கள் என்ன வேலை செய்வீர்களோ அதைக் கடையிலேயே செய்து பாருங்கள். உள்ளே திறந்து காட்டச் சொல்லுங்கள். வீட்டில் அதைப் போர்த்தாதீர்கள். கேட்டுக்கொண்டு போய்ப் போர்த்துகிறார்கள். ஒருத்தி, "பனி இறங்கினா என்ன செய்யது, நனையட்டும்னு விடவா?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள்.

அம்மாவுக்கு இப்போது வேலை இல்லை. பகலில் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வந்த முதல் வாரம் ஜன்னலில் நின்று, கொழுந்து எடுக்கப் போகும் பெண்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் மத்தியானம் நாற்காலியைக் கொண்டுவந்து மேசைக்குப் பக்கத்தில் போட்டாள். நான் வேலையில் இருந்தேன். குனிந்து பெட்டியைப் பார்த்தாள், சுற்றித் தடவினாள். அதன் பின்பக்கத்திலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வருவதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியைப் பலகையோடு அரைச் சுற்றுத் திருப்பி, அந்தக் காற்று தன் முழங்காலில் படும்படி வைத்துக்கொண்டாள்.

"ஒயரு இழுபடும்மா" என்றேன்.

"இழுபடாது. பாத்துத்தான் திருப்புனேன்."

கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியின்மேல் அது படாமல் ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்திருந்தாள். நாலு மணிக்கு, "ஓடுதா?" என்று கேட்டாள். ஓடுகிறது என்றேன். டீ போட எழுந்தாள்.